இரட்டைப் புகைக்குழல்: சப்பிரகமுவத் தோட்டப் பகுதியின் மோட்டார் வரலாற்றில் ஒரு பக்கம்

முன்னுரை

இலங்கைப் பெருந்தோட்டங்களின் வரலாறு இதுகாறும் பெரும்பாலும் கணக்கேடுகளின் துணைகொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. எத்தனை ஏக்கர் பயிரிடப்பட்டது, எத்தனை இறாத்தல் ஏற்றுமதியாயிற்று, எக்கம்பனியிடமிருந்து எக்கம்பனிக்குத் தோட்டம் கைமாறியது என்பவற்றுக்கெல்லாம் ஏடுகள் உண்டு. ஆனால் அவ்விளைபொருளை மலையிலிருந்து கீழிறக்கிய வண்டிகள் எவ்வாறு ஓடின, அவை பழுதுற்றபோது எவர் கைகளால் எவ்வறிவு கொண்டு திருத்தப்பட்டன என்பதற்கு ஏடுகள் இல்லை. பயன்படுத்தியவனின் வரலாறு எஞ்சி நிற்க, இயக்கியவனின் வரலாறு மறைந்துவிடுகிறது.

இம்மறைவைச் சிறிதளவேனும் விலக்குதற்கு மோட்டார் வண்டியின் ஒரேயோர் உறுப்பை எடுத்து ஆராய்வது பயனுடையதாகும். வழக்கில் 'சைலன்சர்' என வழங்கும் புகைக்குழலே அவ்வுறுப்பு. ஒரு குழலோடு வந்த வண்டிக்கு இரு குழல்களைத் திட்டமிட்டுப் பொருத்துவது மேலோட்டமாக நோக்குவோர்க்கு இளைஞரின் ஆடம்பரமாகத் தோன்றலாம். ஆயினும் கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களை உள்ளடக்கிய சப்பிரகமுவ மாகாணத்தைப் பொறுத்தவரை இயந்திர அறிவு, மழைநில இயல்பு, அரசின் இறக்குமதிக் கொள்கை, தோட்டச் சமுதாயத்தின் ஏற்றத்தாழ்வு ஆகிய நான்கும் சந்திக்கும் இடம் அதுவே எனலாம்.

இறப்பரும் மோட்டாரும்

சப்பிரகமுவத் தோட்டங்களுக்கும் மோட்டார் வண்டிக்கும் உள்ள தொடர்பு, வண்டி அப்பகுதிக்கு வருவதற்கு முன்னரே தொடங்கிவிட்டது. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த இறப்பர் விதைகளிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்த நாற்றுகள் அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டுக் கம்பஹாவிற்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடையில் நடப்பட்டன. ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் அவை ஆய்வுப் பொருளாகவே இருந்தன. 1888இல் டன்லொப் காற்றடைத்த டயரை ஆக்கியதும், அதன்பின் மேலைநாடுகளில் மோட்டார் வண்டி பெருகியதுமே இறப்பரைப் பணப்பயிராக்கின. 1908இல் அமெரிக்காவில் போர்டு 'மொடல் ரி' வண்டியை வெளியிட்டார். 1910இல் இலண்டன் சந்தையில் இறப்பரின் விலை இறாத்தல் ஒன்றுக்குப் பன்னிரண்டு சிலிங்கைத் தாண்டியது. தேயிலைக்கு மிகவும் தாழ்வானது எனக் கருதப்பட்ட எட்டியாந்தோட்டை, தெரணியகலை, ருவன்வெல்ல, எகலியகொடைப் பகுதிகளின் குன்றுகள் இறப்பர்க் காடுகளாயின.

தமிழகத்தின் திருச்சிராப்பள்ளி, சேலம், இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிமாரால் அழைத்து வரப்பட்ட தொழிலாளர் அதிகாலையில் மரம் வெட்டிப் பாலெடுத்தனர். அப்பால் உறைந்து தாளாகிக் கொழும்புத் துறைமுகம் வழியாகக் கடல் கடந்து டயராயிற்று. உலகத்து மோட்டார் வண்டிகள் உருண்டோடுதற்கு வேண்டிய பொருளைத் தந்த மக்கள், தாம் பெற்ற துண்டுக் காணியும் அற்றவராய், லயத்திலிருந்து மலைக்கும் மலையிலிருந்து லயத்திற்கும் வெறுங்காலோடு நடந்தனர். மோட்டாரின் வரலாற்றை இப்பகுதியிலிருந்து எழுதுவோர் மறக்கக்கூடாத முதல் உண்மை இது.

ஆறு, இருப்புப்பாதை, தார்ப்பாதை

போக்குவரத்தின் வளர்ச்சியை மூன்று படிகளாக நோக்கலாம். முதற்படியில் களனி கங்கையும் களு கங்கையும் மாட்டு வண்டியுமே துணையாக இருந்தன. இரண்டாம் படியில் களனிப் பள்ளத்தாக்கு இருப்புப்பாதை வந்தது. இரண்டரை அடி அகலமே கொண்ட இக்குறுகிய பாதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவிசாவளையையும் எட்டியாந்தோட்டையையும், 1912இல் இரத்தினபுரியையும், பின்னர் ஓப்பநாயக்கவையும் கொழும்புடன் இணைத்தது. அதன் நோக்கம் தோட்ட விளைபொருளே என்பதைப் பாதை சென்ற வழியே காட்டும்.

மூன்றாம் படி மோட்டார். எட்டியாந்தோட்டைக் கிளைப்பாதை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அகற்றப்பட்டது. அவிசாவளைக்கு அப்பாற்பட்ட இரத்தினபுரி, ஓப்பநாயக்கப் பாதையும் 1970களில் கைவிடப்பட்டது. எனவே தேயிலைப் பெட்டியும் இறப்பர்க் கட்டும் முழுவதும் லொறிகளையே நம்பவேண்டியதாயிற்று. 1958 ஜனவரி முதலாந் திகதி பஸ் சேவை அரசுடைமையானபின் பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, பெல்மதுளை ஆகிய நகரங்களுக்குப் பஸ் வந்தது. ஆயினும் நகரிலிருந்து தோட்டத்தின் உட்பிரிவு வரை செல்லும் கற்பாதையில் தோட்ட லொறியும் துரையின் காருமே ஓடின. நோயாளியை ஆசுபத்திரிக்குக் கொண்டு செல்வதும் பெரும்பாலும் அந்த லொறியே. ஆகவே லொறியின் இயந்திரம் இழுக்கின்றதா இல்லையா என்பது சில வேளைகளில் ஓர் உயிரின் வினாவாகவே இருந்தது.

புகைக்குழலின் தொழில்

இயந்திரத்தின் இழுவைக்கும் புகைக்குழலுக்கும் யாது தொடர்பு? நான்கடிப்பு இயந்திரம் மனிதனைப் போன்றே மூச்சை உள்ளிழுத்து வெளிவிடுவது. எரிந்த வாயு சிலிண்டரிலிருந்து முற்றாக வெளியேறினால்தான் புதிய கலவை நிறைவாக உட்புகும். வெளியேறும் வாயு வெடியோசையோடு வருவதால் அதனை அடக்கவேண்டும். 1897இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த ரீவ்ஸ் சகோதரர்கள் இத்தகைய அடக்கிக்குக் காப்புரிமை பெற்றனர். ஓசையை அடக்குமிடத்து வாயுவின் ஓட்டமும் தடைப்படுகிறது. ஓட்டத்தை விடுவித்தால் ஓசை எழுகிறது. இவ்விரண்டுக்குமிடையே இணக்கம் காண்பதே புகைக்குழல் திட்டத்தின் சாரம்.

இரு குழல்கள் வேண்டுமென்ற எண்ணம் எவ்வாறு எழுந்தது? 1932இல் போர்டு வெளியிட்ட எட்டுச் சிலிண்டர் வண்டியில் சிலிண்டர்கள் இரு வரிசைகளாகச் சாய்ந்து நின்றன. வரிசைக்கொரு குழல் என்பது அங்கு இயல்பாகவே தோன்றிய சிந்தனை. அமெரிக்க இளைஞர்கள் பழைய போர்டுகளை வாங்கி இரட்டைக் குழல் பொருத்தி ஓட்டப்பந்தயம் விட்டனர். ஜெர்மனியின் வொக்ஸ்வகன் 'ஆமை' வண்டியிலோ 1955 ஆகஸ்டிலிருந்து தொழிற்சாலையிலேயே இரு சிறு வாற்குழல்கள் அமைந்தன. இலங்கையில் அவ்வண்டி பெருவிருப்போடு வாங்கப்பட்டதால், வண்டியின் பின்புறத்தில் இரு குழல்களைக் காண்பது நம்மவர்க்குப் புதுமையன்று.

எனினும் இலங்கைத் தெருக்களில் மிகுதியாக ஓடியவை நாற்சிலிண்டர்ப் பிரித்தானிய வண்டிகள். அவற்றுள் தலையாயது மொரிஸ் மைனர். 1948இல் வெளிவந்த இவ்வண்டிக்கு 1952இலிருந்து ஒஸ்டின் நிறுவனத்தின் 'ஏ' வரிசை இயந்திரம் பொருத்தப்பட்டது. 803 கனசென்ரிமீற்றரில் தொடங்கிய அது 1956இல் 948 ஆகவும் 1962இல் 1098 ஆகவும் பெருகிற்று. இவ்வியந்திரத்தின் தலைப்பகுதியில் ஒரு விந்தை உண்டு. நான்கு சிலிண்டர்களுக்கும் நான்கு புகைவாயில்கள் இல்லை, மூன்றே உள. முதலாவதும் நான்காவதும் தனித்தனி வாயில் பெற, நடுவிலுள்ள இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே வாயிலைப் பகிர்ந்துகொள்கின்றன.

இரட்டைக் குழலின் திட்டம்

இவ்விந்தையிலேயே இரட்டைக் குழலுக்கான திறவுகோல் இருக்கிறது. 'ஏ' வரிசை இயந்திரத்தில் சிலிண்டர்கள் ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்ற ஒழுங்கில் எரிகின்றன. கிராங்க் தண்டு 180 பாகை திரும்புந்தோறும் ஒரு சிலிண்டர் புகையை வெளிவிடுகிறது. ஆனால் ஒவ்வொரு புகை வால்வும் ஏறத்தாழ 230 முதல் 250 பாகை வரை திறந்தே இருக்கிறது. ஆகவே ஒன்றின் வால்வு மூடுமுன் அடுத்ததன் வால்வு திறக்கிறது. நான்கையும் உடனே ஒன்றாய்ச் சேர்க்கும் வார்ப்பிரும்பு மனிபோல்டில் இவ்விரு வாயு அலைகளும் ஒன்றையொன்று நெருக்குகின்றன. பின்னால் வருபவன் முன்னால் நிற்பவனை வாசலிலே தள்ளுவது போன்றது இது.

முதலாம் நான்காம் சிலிண்டர்களை ஒரு குழலிலும், இரண்டாம் மூன்றாம் சிலிண்டர்களை மற்றொரு குழலிலும் பிரித்துவிட்டால் ஒவ்வொரு குழலிலும் 360 பாகைக்கு ஒரு முறையே வாயு வருகிறது. மோதல் நீங்குகிறது. முன்சென்ற அலை விட்டுச் சென்ற தாழ்ந்த அமுக்கம் பின்வரும் வாயுவை இழுத்துச் செல்லவும் கூடும். இங்கிலாந்தின் வில்ற்ஷயரில் டவுண்டன் என்னும் ஊரில் டானியல் ரிச்மண்ட் நடத்திய பட்டறையோடு இணைத்துப் பேசப்படும் 'நீண்ட நடுக்கிளை' மனிபோல்ட் இந்நெறியைத் தழுவியதே. நடுவிலுள்ள கிளை நெடுந்தூரம் தனியே சென்று பின்னர்தான் ஏனைய இரண்டோடும் சேர்கிறது. மினி வண்டிகளைப் பந்தயத்திற்கு ஆயத்தப்படுத்தியோர் இதனை விரும்பிப் பயன்படுத்தினர். இலங்கையில் 1934இல் நுவரெலியாவின் மகாகஸ்தொட்டைத் தோட்டப் பாதையில் தொடங்கிய மலையேற்றப் பந்தயமும், தோட்டப் பாதைக்கும் இயந்திர இழுவைக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் சான்றாகும்.

ஆனால் பந்தயப் பாதைக்குப் பொருந்துவது தோட்டப் பாதைக்குப் பொருந்துமா என்பதே அடுத்த வினா. குழலின் விட்டம் பெரிதானால் வாயுவின் வேகம் குறைகிறது. உச்சச் சுழற்சியில் வலு கூடினாலும் தாழ்ந்த சுழற்சியில் இழுவை குன்றுகிறது. இறக்குவானையிலும் தெரணியகலையிலும் கொண்டையூசி வளைவுகளில் இரண்டாம் கியரில் மெல்ல ஏறும் வண்டிக்கு வேண்டியது தாழ்சுழற்சி இழுவையே. எனவே மலைப்பாதைக்குத் திட்டமிடுவோர் அகன்ற இரு குழல்களைத் தவிர்த்து, சிறு விட்டமுள்ள இரு குழல்களை நெடுந்தூரம் தனித்தனியே கொண்டுசென்று ஒரே சைலன்சரில் சேர்ப்பது தக்கது. இரு குழல்களையும் வால்வரை பிரித்தே விடுவதாயின் இடையில் ஓர் இணைப்புக் குழல் வைத்து அமுக்கத்தைச் சமப்படுத்தல் நன்று. பின்புறத்தில் இரு வாய்கள் தெரிவதனால் மட்டும் வண்டி வலுப்பெறுவதில்லை.

வழியமைப்பும் எளிதன்று. மொரிஸ் மைனரின் பெற்றோல் தாங்கி பின்புறப் பெட்டிக்கு அடியில் உள்ளது. பின்னச்சு இலைவில்லின்மேல் ஏறியிறங்குகிறது. இரண்டாவது குழல் அச்சில் இடியாமலும், தாங்கியையும் பிரேக் குழாயையும் சுடாமலும், கற்பாதையின் மேடு தட்டாத உயரத்திலும் செல்லவேண்டும். மூட்டுகளில் கசிவு இருப்பின் மணமற்ற காபன் ஓரொட்சைட்டு வண்டிக்குள் புகுந்து பயணிகளை மயக்கும். இரத்தினபுரி மாவட்டத்தவர் இதனை நன்கு உணர்வர். மாணிக்கக் குழியில் நீரிறைக்கும் இயந்திரத்தின் புகை குழிக்குள் இறங்கினால் உள்ளே நிற்பவன் உயிருக்கே ஆபத்து. குழலை எத்திசையில் திருப்புவது என்பது அங்கு அழகியல் வினாவன்று.

இத்தனை கணிப்பும் முடிந்தபின் அக்குழலைத் தொங்கவிடுவது ஓர் இறப்பர்ப் பட்டை. சப்பிரகமுவ மலையிலிருந்து பாலாய்ப் புறப்பட்ட பொருள் டயராகவும் தொங்கலாகவும் மீண்டும் அதே மலைக்கு ஏறிவந்தமை ஈண்டு நினைக்கத்தக்கது.

மழையும் தட்டுப்பாடும்

இனி, இத்திட்டத்தை ஏட்டிலிருந்து இரும்புக்குக் கொண்டுவந்தவர் யார் என்பதை நோக்குவோம். புகைக்குழலின் பெரும் பகை துரு. ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் ஆவியாய்ப் பிறக்கிறது. குழல் நன்கு சூடேறினால் அது வெளியேறிவிடும்; சூடேறாவிடின் சைலன்சருக்குள்ளேயே குளிர்ந்து தங்கி, எரிபொருளின் கந்தகத்தோடு சேர்ந்து அமிலமாகித் தகட்டை உள்ளிருந்தே அரிக்கும். பங்களாவிலிருந்து தொழிற்சாலைக்கும் தொழிற்சாலையிலிருந்து தபாற் கந்தோருக்கும் ஓடும் குறுந்தூர ஓட்டத்தில் குழல் சூடேறுவதே இல்லை. இரட்டைக் குழலாயின் வெப்பம் இரண்டாகப் பிரிவதால் நிலைமை இன்னும் மோசம். வெளியிலோ ஆண்டுக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட இரத்தினபுரி மழை. இவ்வாறு அகமும் புறமும் நனைந்த தகடு விரைவில் உதிர்ந்துவிடும்.

உதிர்ந்ததை மாற்றப் புதியது கிடைத்ததா? 1960களின் தொடக்கத்திலிருந்து அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. உதிரிப்பாகமும் அரிதாயிற்று. 1973இன் எண்ணெய் நெருக்கடி எரிபொருளையும் அருமைப்படுத்தியது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை, இருந்த வண்டியை இருந்தவாறே ஓடவைப்பதுதான் வழி. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையானபோது, தோட்டங்களோடு பழைய லொறிகளும் அரசின் பொறுப்புக்கு வந்தன.

இக்காலத்தில்தான் சிறுநகரக் கராஜ் ஓர் ஆக்கக் கூடமாயிற்று. 'பாஸ்' என மரியாதையோடு அழைக்கப்பட்ட கைவினைஞன், கையிற் கிடைத்த நீர்க்குழாயையும் தகட்டையும் கொண்டே சைலன்சர் சமைத்தான். குழலை வளைக்கும் எந்திரம் அவனிடம் இல்லை. குழலுக்குள் ஆற்று மணலை இறுக அடைத்து, இருமுனையும் கட்டையால் மூடி, வளையவேண்டிய இடத்தை உலையில் செந்தணலாக்கி மெல்ல வளைத்தான். மணல் இருப்பதால் குழல் நசுங்குவதில்லை. ஆனால் மணல் முற்றாக உலர்ந்திருக்கவேண்டும். சிறிது ஈரமிருந்தாலும் நீராவி பெருகி அடைப்பைத் துப்பாக்கிக் குண்டெனத் தெறிக்கச் செய்யும். இவ்வறிவு எந்நூலிலிருந்தும் கற்கப்படுவதன்று. ஒருவன் பக்கத்தில் நின்று மற்றொருவன் கற்பது. தேயிலைத் தொழிற்சாலையின் எண்ணெய் இயந்திரத்தருகே எண்ணெய்த்துணியோடு நின்று பழகிய தோட்டத்து இளைஞனுக்குக் கராஜ் இரண்டாம் பள்ளிக்கூடமாக அமைந்தது. கொழுந்துக்கூடைக்கும் பால்வாளிக்கும் அப்பால் அவனுக்குத் திறந்த மிகச்சில வாயில்களுள் அதுவும் ஒன்று.

அக்கைத்திறனின் மதிப்பை உலகம் பின்னர் உணர்ந்தது. இங்கிலாந்தில் பாத் நகரிலிருந்த மொரிஸ் மைனர் நிலையம் 1990களில் அவ்வண்டிக்கான உதிரிப்பாகங்களை இலங்கையில் செய்வித்தமை இதற்குச் சான்று. வண்டியைப் பிறப்பித்த நாடு, அதன் உறுப்புகளுக்காகக் காலனியாயிருந்த நாட்டின் பட்டறையை நாடிற்று.

ஓசையும் அதிகாரமும்

புகைக்குழலின் வரலாறு ஓசையின் வரலாறுமாகும். மலைமுடுக்கில் மோட்டார் ஓசை கேட்டால் துரை வருகிறார் என்பது பொருள். அவ்வோசை கேட்டு நிமிர்ந்தவர்களும் விரைந்தவர்களும் தொழிலாளர். ஓசையிடுவதற்கு உரிமை ஒருவருக்கும் செவிமடுக்கும் கடமை பலருக்குமாக இருந்தது. பிற்காலத்தில் நகர இளைஞன் தன் வண்டிக்கு இரட்டைக் குழலிட்டு அதிரவைக்கும்போது, அந்தப் பழைய உரிமையைத் தானும் கோருகின்றான் என்று விளங்கிக்கொள்ள இடமுண்டு. ஆனால் விளக்கம் நியாயமாகிவிடாது. லயத்தின் ஒற்றைச் சுவருக்கு அப்பால் உறங்கும் குழந்தைக்கு, துரையின் காராயினும் இளைஞனின் காராயினும் ஓசை ஒன்றே.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் வண்டிகளின் அமைப்பையும் தகுதியையும் ஒழுங்குக்குள் கொண்டுவந்தது. ஓசையிலும் கொடியது புகை. 1921இல் அமெரிக்காவில் பெற்றோலோடு ஈயச் சேர்மம் கலக்கும் முறை கண்டறியப்பட்டது; இலங்கையில் ஈயப் பெற்றோல் 2002இல்தான் நிறுத்தப்பட்டது. அதுவரை பாதையோரம் நடந்தவர்களின் மூச்சில் அது கலந்தது. வண்டியில் சென்றவரைவிடப் பாதையில் நடந்தவரே அதனை மிகுதியாகச் சுவாசித்தனர் என்பதை எண்ணும்போது, புகைக்குழல் எவர் பக்கம் திரும்பியிருந்தது என்ற வினா பொறியியலைக் கடந்து நிற்கிறது. 2008 முதல் நடைமுறைக்கு வந்த வாகனப் புகைப் பரிசோதனை, காலந்தாழ்ந்தேனும் அவ்வினாவுக்கு அரசு அளித்த விடையாகும்.

முடிவுரை

1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்கள் சப்பிரகமுவத் தோட்டத் தமிழரைக் கடுமையாகத் தாக்கின. குறிப்பாக 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பகுதிகளில் லயங்களும் கடைகளும் எரிந்தன. பலர் வடக்கே வன்னிக்கும், மேலும் பலர் இந்தியாவுக்கும் சென்றனர். எரிந்த வீடுகளுக்குக் கணக்கெடுக்க முடிந்தது. அம்மக்களோடு பெயர்ந்துபோன கைத்திறனுக்கு எவரும் கணக்கெடுக்கவில்லை. 1992இல் தோட்ட நிருவாகம் கம்பனிகளின் கைக்கு மாறியபோதும் ஏடுகளில் ஏக்கரும் கடனுமே இடம்பெற்றன.

2020இல் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு 2025 வரை அந்நிலை நீடித்தது. பழைய தட்டுப்பாட்டுக் காலம் திரும்பி வந்தாற்போல, உள்ளதைத் திருத்தி ஓட்டும் அறிவின் தேவை மறுபடியும் உணரப்பட்டது. அவ்வறிவை உடையவர் முதியவராகி மறைந்துவரும் காலமும் இதுவே.

முடிவாக நோக்குமிடத்து, இரட்டைப் புகைக்குழலைத் திட்டமிடுதல் என்பது இரு இரும்புக் குழாய்களை வளைத்தல் மாத்திரமன்று. எரியும் ஒழுங்கையும் மலையின் ஏற்றத்தையும் மழையின் அளவையும் அயலாரின் உறக்கத்தையும் ஒருசேரக் கணித்தலாகும். அக்கணிப்பைப் பள்ளிக்கூட வாயிலைச் சரிவரக் காணாத மனிதரும் செய்தனர். அவர்தம் அறிவைக் 'கைவேலை' எனக் கூறி ஒதுக்குவது கல்வியுலகின் குறையே. தோட்டப் பகுதியின் வரலாற்றை எழுத முனையும் மாணவர், சுவடிக்கூடத்திற்குச் செல்லுமுன் கேகாலையிலோ பலாங்கொடையிலோ உள்ள ஒரு பழைய கராஜின் திண்ணையில் ஒருநாள் அமர்தல் வேண்டும். உலர்ந்த மணலை எவ்வாறு அறிவது என்பதைச் சொல்லித்தர ஆள் உள்ளபோதே அதனைக் கேட்டு எழுதிவைத்தல் இத்தலைமுறையின் கடனாகும்.